மேஜர் இருந்த தீப்பெட்டி

கோலாலம்பூரில் ஆறு ஊருக்குள் வந்து, கடைவீட்டு மேல்மாடிச் சன்னல் வழியாக ஆட்களைப் படகில் இறக்கினார்களே, அதற்கு முந்தின வருஷம் இது நடந்தது. அது எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வெள்ளத்துக்கு முந்தினது என்று மட்டும் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் வெள்ளம் வடிந்த பிறகு பிரிக்பீல்ட்ஸ் ரயில் பாதை ஓரத்துச் செம்பருத்தி வேலி முழுக்கச் சேறு அப்பிச் செத்துப்போனது. வேலி போனதும் அதில் இருந்த சிலந்திகளும் போயின. சிலந்தி இல்லாவிட்டால் நான் சொல்ல வந்த விஷயமே இல்லை.

இத்தனை காலம் கழித்து அதை நினைக்க வைத்தவன் என் மகன். நாங்கள் இப்போது கிள்ளானில் இருக்கிறோம். அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது, துறைமுகத்தில் வேலை. வேலை முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்டதும் கைக்கடக்கமான ஒரு விளையாட்டு மெஷினை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிடுவான். அதில் காட்டிலும் மேட்டிலும் அலைந்து விதவிதமான பூதங்களைப் பிடிக்க வேண்டும். சில பூதம் எலி மாதிரி இருக்கும், சிலது பூண்டுக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். பிடித்ததைச் சின்ன உருண்டைக்குள் அடைத்து வைத்து, வளர்த்து, அடுத்தவன் பூதத்தோடு சண்டைக்கு விட வேண்டும். அவன் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது இதே ஆட்டத்துக்காகத்தான் சோறு தண்ணி இல்லாமல் அழுதான். நான் அப்போது லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். பாசார் மாலாமில், அதாவது ராத்திரிச் சந்தையில், யாரோ விற்ற பழைய மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பிறகு பரீட்சை, வேலை, கல்யாணம் என்று ஒவ்வொன்றாக வந்தது, அந்த மெஷின் எங்கே போனதென்று யாரும் தேடவில்லை.

போன தீபாவளி முடிந்து ஒரு நாள் புது மெஷின் ஒன்றோடு வந்து நின்றான். அந்த ஆட்டம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு வருஷா வருஷம் வந்துகிட்டேதான்பா இருந்திருக்கு. நான்தான் நடுவுல எறங்கிட்டேன்" என்றான், பஸ்ஸைப் பற்றிச் சொல்வது போல.

என் மருமகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவள் சமையலறையிலிருந்தே, "மத்த ஆம்பளைங்களுக்கு இந்த வயசுல சக்கர நோய் வருது மாமா. இவருக்கு இது வந்திருக்கு. செலவு கம்மிதான், விடுங்க" என்றாள்.

அந்த ஆட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. சில பூதங்களை நீ எத்தனை வளர்த்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் வளராது. அதை இன்னொருவன் கையில் கொடுத்தால்தான் முழு உருவம் எடுக்கும். கொடுத்துவிட்டு, பிறகு அவனிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். என் மகனோடு படித்த சீனப் பையன் ஒருவன் ரவாங்கில் இருக்கிறான். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், இந்த ஆட்டத்துக்காகத் தேடிப்பிடித்துப் பேசிக்கொண்டார்கள். ஒரு சாயங்காலம் என் மகன் அருமையாக வளர்த்த பூதத்தை அவனுக்கு அனுப்பினான். அனுப்பிய உடனே அந்தப் பக்கம் தொடர்பு அறுந்துவிட்டது. போன் அடித்தால் எடுக்கவில்லை. என் மகன் எழுந்து ஹாலில் இங்கேயும் அங்கேயும் நடக்க ஆரம்பித்தான்.

"பிரசவ வார்டு வாசல்லகூட இந்த மனுஷன் இப்படி நடக்கல" என்றாள் மருமகள்.

கடைசியில் ரவாங்காரன் கூப்பிட்டான். வீட்டில் கரண்டு போய்விட்டதாம். பூதம் புது உருவத்தோடு திரும்பி வந்து சேர்ந்தது. இவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஏன்டா, கொடுத்ததுக்குப் பதிலா அவனோடது ஒன்னைப் பிணையா வாங்கி வெச்சுக்கலையா?" என்று கேட்டேன்.

"பிணையா? அது என்னாப்பா?"

அந்தச் சாயங்காலம் முழுக்க நான் பேசினேன். அவன் மெஷினை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டான்.

பிரிக்பீல்ட்ஸில் அப்போது ரயில்வே ஆட்களுக்கு இரண்டு விதமான வீடுகள். பாதை ஓரத்தில் எங்கள் லயம், ஒரு அறையும் ஒரு அடுப்படியும். என் அப்பா பாதை பார்க்கிற கேங்கில் வேலை செய்தார். தண்டவாளத்துக்கு அடியில் சரளை குத்துவதும் கட்டை மாற்றுவதும்தான் அவருடைய வேலை. லயத்துக்கும் மேட்டுக்கும் நடுவில் பெரிய லோங்காங் ஓடும். சாக்கடைதான், ஆனால் அதில் நாங்கள் மீன் பிடித்திருக்கிறோம். லோங்காங்கைத் தாண்டினால் மேட்டில் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணிமார் வீடுகள், பிரம்பு நாற்காலி, பூந்தொட்டி. அதில் சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் அதிகம். கடைசி வீட்டுப் பெரிய கிராணிதான் யாருக்கு எந்த லயம் என்று எழுதுகிறவர் என்று அம்மா சொல்வாள்.

"மேட்டு வீட்டுப் பிள்ளைங்களோட வெளையாடு. வம்பு மட்டும் வெச்சுக்காத. அவங்கப்பா பேனாவை இப்படித் திருப்பினா நமக்கு வீடு கெடையாது" என்பாள். பேனா திருப்புவதை விரலால் செய்து காட்டுவாள். நான் அந்தப் பேனாவைப் பார்த்ததில்லை. ஆனால் கனவில் வந்திருக்கிறது.

லயத்துப் பிள்ளைகளும் மேட்டுப் பிள்ளைகளும் சேருகிற இடம் செம்பருத்தி வேலி. அங்கேதான் லாபா-லாபா பிடிப்போம். மலாயில் சிலந்திக்கு அதுதான் பேர், எல்லா இனத்துப் பையன்களும் அப்படித்தான் சொல்வோம். வீட்டு மூலையில் வலை கட்டுகிற சிலந்தி வேறு. இது வலை கட்டாது, தாவும். கறுப்பு உடம்பில் மயில் கழுத்து நிறத்தில் பட்டை போட்டிருக்கும். இரண்டு இலையை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து நடுவில் படுத்திருக்கும். ஒட்டின இலையைப் பார்த்துவிட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் பொத்தி எடுக்க வேண்டும். எடுத்து, காலித் தீப்பெட்டியில் ஈர இலைத்துண்டு ஒன்று போட்டு அதற்குள் விட்டுவிடுவோம். ஆண் சிலந்திதான் சண்டைக்கு ஆகும். இரண்டை ஒரு இலைமேல் விட்டால் முன்காலை அகட்டித் தூக்கிக்கொண்டு மல்லுக்கு நிற்கும். எது திரும்பி ஓடுகிறதோ அது தோற்றது.

எங்கள் வேலியில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எங்கேயும் அப்படி இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. பெரிய சண்டை என்றால் அதற்கு முதல் நாள் இரண்டு பேரும் சிலந்தியை மாற்றிக்கொள்ள வேண்டும். அவன் சிலந்தி என் வீட்டில் தங்கும், என் சிலந்தி அவன் வீட்டில் தங்கும். இதற்குப் பேர்தான் பிணை. அப்போதுதான் யாரும் கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்க முடியாது. பிணையாக வந்த சிலந்திக்கு ஏதாவது ஆகிவிட்டால், வைத்திருந்தவன் தன்னிடம் உள்ள எல்லாப் பெட்டியையும் கொடுத்துவிட வேண்டும், அதோடு வேலிப் பக்கமே வரக்கூடாது. அடுத்தவன் பெட்டியில் கோடு கிழிப்பதோ அடையாளம் வைப்பதோ கூடாது. இதையெல்லாம் யார் வைத்த சட்டம் என்று தெரியாது. எங்களுக்கு முந்தின பையன்கள் வைத்திருப்பார்கள்.

பெரிய கிராணியின் மகனிடம் மேஜர் என்று ஒரு சிலந்தி இருந்தது. அது தோற்றதை யாரும் பார்த்ததில்லை. என்னிடம் இருந்தது கட்டையன், குட்டையாக இருக்கும், பிடித்தால் விடாது. இரண்டுக்கும் சண்டை என்று முடிவானது. பள்ளி விடுமுறை நேரம். அவன் வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்து மேஜரின் பெட்டியை என் கையில் வைத்தான்.

"கவனமா வச்சிரு. இலையைக் காய விட்டுடாதை" என்றான்.

நான் கட்டையனைக் கொடுத்தேன். கொடுக்கும்போது பயமாக இருந்தது. கட்டையனை நினைத்துக் கொஞ்சம், மேஜரை நினைத்து ரொம்ப. பெரிய கிராணி வீட்டுச் சொத்து எங்கள் லயத்துக்குள் வருவது அதுதான் முதல் தடவை.

எங்கே வைப்பது என்று யோசித்தேன். தரையில் வைத்தால் எறும்பு. ஜன்னலில் வைத்தால் பல்லி. அக்கா கண்ணில் பட்டால் அதைவிட மோசம். கடைசியில் சாமி படத்துக்குப் பின்னால், சுவரில் அடித்த பலகை மேல் வைத்தேன். அம்மா விளக்கேற்றும்போது எடுக்கிற தீப்பெட்டி படத்துக்கு முன்னால் இருக்கும், இது பின்னால். முருகன் பார்த்துக்கொள்வார் என்று படுத்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி மழை. எங்கள் கூரை அப்பாவுடைய சட்டை மாட்டுகிற ஆணிக்கு நேராகத்தான் ஒழுகும். பல முறை சொல்லியும் யாரும் வந்து பார்க்கவில்லை.

நான் எழுந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. முதல் வேலையாகப் படத்துக்குப் பின்னால் கையை விட்டேன். ஒன்றும் இல்லை. படத்தையே கழற்றிப் பார்த்தேன். பலகை காலி.

அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, படத்துக்குப் பின்னால இருந்த தீப்பெட்டி?"

"அப்பா எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அவரு பெட்டி நனைஞ்சு நமுத்துப் போச்சாம். இருட்டுல தடவி எடுத்தாரு, நானே பாத்தேன்."

"ஐயோ, அதுல மேஜர் இருக்குக்கா."

"யாரு மேஜரு?" என்றாள். புரிந்ததும் கையை உதறினாள். "சாமி படத்துக்குப் பின்னாலயா பூச்சியைக் கொண்டாந்து வெச்ச? நல்லா வேணும். பீடி பத்த வெக்கத் தெறப்பாரு, உன் மேஜரு மூஞ்சியில தாவும். அப்பறம் பூட்ஸ் காலு கீழதான்."

மேஜர் செத்தால் பெட்டிகள் போகும். வேலி போகும். கிராணி மகன் அவன் அப்பாவிடம் சொல்வான். பேனா திரும்பும். நாங்கள் சட்டி பானையோடு பாதை ஓரத்தில் நிற்போம். இத்தனையும் ஒரே மூச்சில் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. வேலை நேரத்தில் பீடி பிடிக்க மண்டோர் விடமாட்டார். மண்டோர் என்றால் கேங்குக்குத் தலைவர். தேத்தண்ணி நேரத்தில்தான் எல்லாரும் பற்ற வைப்பார்கள். அதற்குள் போய்விட்டால் போதும்.

"அக்கா, இன்னைக்கு அப்பாவுக்கு எங்க வேலை?"

"ஆத்துப் பாலத்துக்கு அந்தாண்ட, சாலாக் செலாத்தான் போற பக்கம்னு சொன்னாரு. டேய், ரோட்டு வழியா போ. டேய்..."

ரோட்டு வழி சுற்று. பாதை வழி நேர். நான் பாதையில் ஏறி ஓடினேன்.

பாதையில் ஓடுவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். கட்டைக்குக் கட்டை கால் வைத்தால் அடி குட்டையாகிவிடும், ஒன்று விட்டு ஒன்று வைத்தால் எட்டாது. சரளையில் ஓடினால் பாதம் கிழியும். நான் செருப்பு போடவில்லை. வெயில் ஏற ஏற எனக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. இப்போது தேத்தண்ணி வாளி வந்திருக்கும். இப்போது மண்டோர் உட்காரச் சொல்லியிருப்பார். இப்போது அப்பா சட்டைப் பைக்குள் கையை விடுகிறார். இப்போது பெட்டியைத் தள்ளித் திறக்கிறார். ஒவ்வொரு முறையும் மேஜர் தாவியது, ஒவ்வொரு முறையும் பூட்ஸ் கால் இறங்கியது.

பாலம் வந்தது. இரும்புப் பாலம். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது, குனிந்தால் ஆறு தெரியும். ராத்திரி மழைக்கு ஆறு மில்லோ கலக்கின பால் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. பாலத்தின் மேல் ஏறக்கூடாது என்பது எங்கள் வீட்டில் பேசாமலே இருந்த சட்டம். அதற்காகத் தனியாக யாரும் அடி வாங்கியதில்லை, ஏனென்றால் யாரும் ஏறியதில்லை. நான் ஏறினேன். கட்டையெல்லாம் எண்ணெயும் மழையும் சேர்ந்து வழுக்கியது. பார்த்துப் பார்த்துத்தான் கால் வைத்தேன்.

எங்கோ பின்னால் ஹாரன் கேட்டது. நான் திரும்பவில்லை. எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் இஞ்சின் கொட்டகை இருந்ததால், பிறந்ததிலிருந்து எனக்கு அந்தச் சத்தம் காக்கா கத்துகிற மாதிரிதான். பழைய ஆவி இஞ்சினாக இருந்திருந்தால் புகையாவது தெரிந்திருக்கும். அப்போது டீசல் இஞ்சின் அதிகமாக ஓட ஆரம்பித்திருந்தது.

நடுப்பாலத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எதிர்க் கரையில் கேங் ஆட்கள் பாதையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். மண்டோர் விசில் ஊதினார். தேத்தண்ணி நேரம் வந்துவிட்டது, அதற்குத்தான் விசில் என்று நினைத்தேன். அப்போது அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் மட்டும் பாதை மேல் ஏறி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு, கத்திக்கொண்டு என்னைப் பார்த்து ஓடி வந்தார்.

அப்பா.

அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மேஜர் தாவிவிட்டது, முகத்தில் கடித்திருக்கும், இவர் என்னைக் கொல்லத்தான் வருகிறார். நான் நின்றுவிட்டேன். பிறகு மெல்லத் திரும்பி, வந்த வழியே இரண்டு கட்டை தாண்டினேன்.

அந்தப் பக்கம் பாதை வளைந்து மரங்களுக்குள் போகும். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. மேடான கரையில் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கத்துவது நின்றது. ஏன் நின்றது என்று திரும்பிப் பார்த்தேன். அப்பா பாலத்தின் மேல் கொஞ்ச தூரத்தில் அசையாமல் நின்றார். வீசின கையை இறக்கினார். சட்டைப் பைக்குள் விரலை விட்டார். தீப்பெட்டியை எடுத்து, இரண்டு விரலால் பிடித்து, நான் பார்க்கிற மாதிரி உயரத் தூக்கிக் காட்டினார். காட்டிச் சிரித்தார்.

"ராசா, இந்தா உன் லாபா-லாபா. உசுரோட இருக்கு. வா, வந்து வாங்கிக்க."

அப்பா என்னை ராசா என்று கூப்பிட்டதே இல்லை. டேய் என்பார், கோபம் வந்தால் அதுவும் கிடையாது. சாயங்காலம் கோழியைக் கூண்டில் அடைக்கக் கூப்பிடுகிற மாதிரி அத்தனை மெதுவாக இருந்தது அந்தக் குரல். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அம்மா ஒரு கையில் முறுக்கைக் காட்டி, இன்னொரு கையில் பிரம்பை மறைத்து வைத்துக் கூப்பிட்ட அனுபவம் எனக்கு உண்டு.

"அடிக்க மாட்டீங்கல்ல?" என்று அங்கிருந்தே கேட்டேன்.

"அடிக்க மாட்டேன். வா."

"அம்மா மேல சத்தியமா?"

"சத்தியமா. கட்டையைப் பாத்து மிதி. பின்னால பாக்காத. பெட்டியவே பாத்துக்கிட்டு வா, ராசா."

நான் வந்தேன். பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவசரப்படவும் இல்லை, ஏனென்றால் வழுக்கி விழுந்தால் சிலந்தியும் கிடையாது ஒன்றும் கிடையாது. அவரும் என்னைப் பார்த்து ஒவ்வொரு கட்டையாக வைத்து வந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. சிரித்த முகத்தில் நெற்றியிலிருந்து வேர்வை ஊற்றி மீசையில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. காலுக்கடியில் கட்டை குறுகுறு என்று நடுங்க ஆரம்பித்தது. இரும்பு முழுக்கப் பாட ஆரம்பித்தது. ஹாரன் இந்தத் தடவை முதுகிலேயே அடித்தது. நான் திரும்பிப் பார்க்கப் போனேன்.

"பெட்டியைப் பாரு" என்றார்.

பார்த்தேன். எட்டிப் பெட்டியைத் தொடப் போனபோது அவருடைய இடது கை என் சட்டையைப் பிடித்தது. அதற்குப் பிறகு வானம் சுற்றியது. பாலத்தின் ஓரத்தில், கேங் ஆட்கள் ஒதுங்கி நிற்பதற்கென்று நீட்டிவிட்ட சின்னப் பலகைத் தட்டு ஒன்று இருக்கும். அதில் என்னைத் தூக்கிப் போட்டு, கம்பியோடு சேர்த்து அவர் உடம்பால் அமுக்கினார். கூட்ஸ் வண்டி. அவர் முதுகுக்குப் பின்னால் பெட்டி பெட்டியாகப் போனது. எனக்கு அவர் சட்டை வாசம் மட்டும்தான் தெரிந்தது, பீடியும் தாரும்.

வண்டி போய் முடிந்தது. பாலம் ஆடி ஆடி நின்றது. அப்பா என்னைத் தள்ளி நிறுத்தி, முகத்தைப் பார்த்தார். பிறகு ஓங்கி ஓர் அறை விட்டார்.

வலித்ததைவிட அதன் அநியாயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அம்மா மேல் சத்தியம் செய்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"பெட்டியைக் கொடுங்க" என்றேன்.

அவருடைய வலது கை மூடியிருந்தது. நான் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். விரல் ஒன்றும் அசையவில்லை. "கொடுங்கப்பா, அது என்னோடது இல்ல, கொடுங்க" என்று அழுதேன். அவர் என்னைப் பார்த்தாரே தவிரக் கையைத் திறக்கவில்லை.

மண்டோர் சிவப்புக் கொடியைக் கையில் சுருட்டிக்கொண்டு கட்டை மேல் நடந்து வந்தார். "அண்ணே, உக்காருங்க. கையைக் குடுங்க" என்று சொல்லி, அப்பாவின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்துப் பிரித்தார். உள்ளே தீப்பெட்டி அட்டை மாதிரித் தட்டையாக இருந்தது. அதன் ஓரத்தில் மயில் கழுத்து நிறம் கொஞ்சமும் ஒரு காலும் ஒட்டிக்கொண்டிருந்தன. பச்சை இலைத்துண்டு ஒன்றும் நசுங்கியிருந்தது. நான் வைத்தது சின்னத் துண்டு. அது பெரியது, புதியது.

"காலையில வேலை தொடங்குறதுக்கு முன்னாலயே தெறந்து பாத்துட்டாருடா உங்கப்பா" என்றார் மண்டோர். "எல்லாருக்கும் காட்டிச் சிரிச்சாரு. எம்மவன் வெச்சிருக்கான் பாருன்னு. எலை மாத்திப் போட்டாரு. பீடிக்கு என்கிட்டதான் நெருப்பு கேட்டாரு."

அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஆத்திரம் பொங்கியது. காலையிலிருந்து உயிரோடு வைத்திருந்து, என் கண் முன்னால் காட்டி, பிறகு நசுக்கியிருக்கிறார். மண்டோர் ஒரு பீடியைத் தானே பற்ற வைத்து அப்பாவின் வாயில் வைத்தார். அது உதட்டில் நிற்காமல் ஆடியது. கோபத்தில் ஆடுகிறார் என்று நினைத்தேன். இன்னும் அடிப்பாரோ என்று மண்டோருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ரோட்டு வழியாக வீட்டுக்கு வந்தோம். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை லயம் வரைக்கும் விடவில்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அவரிடம் பேசவில்லை, பல நாள் பேசவில்லை.

சாயங்காலம் என்னுடைய பெட்டிகளையெல்லாம் அம்மாவின் பழைய துணியில் கட்டி எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். கிராணி மகன் கட்டையனோடு வந்து காத்திருந்தான். தட்டையான தீப்பெட்டியை அவனிடம் நீட்டினேன். அவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஆர் நசிச்சது?"

"எங்கப்பா."

"உன்ர அப்பா வேணுமெண்டோ செய்தவர்?"

"ஆமா. எவ்வளவு கேட்டும் கையைத் தெறக்கல. மண்டோர் வந்துதான் பிரிச்சாரு."

அவன் அழுவான், திட்டுவான், அப்பாவிடம் சொல்லப் போகிறேன் என்பான் என்று எதிர்பார்த்து நின்றேன். அவன் தட்டைப் பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"என்ர அப்பாவும் உப்பிடித்தான். அப்பாமார் எல்லாரும் உப்பிடித்தான்" என்றான்.

கட்டையனை என் கையில் வைத்தான். பெட்டி மூட்டையை வாங்கவில்லை. வேலிக்கு வராதே என்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் வேலியடியில் உட்கார்ந்து, எங்கள் அப்பாமாரைப் பற்றி இருட்டும் வரைக்கும் குறை பேசினோம். அவன் வீட்டில் சொல்லவே இல்லை. எந்தப் பேனாவும் திரும்பவில்லை. அந்த லயத்திலேயே அப்பா வேலை முடிந்து போகும் வரைக்கும் இருந்தோம். கிராணி குடும்பம்தான் வெள்ளத்துக்குப் பிறகு மாற்றலாகிப் போனது, ஈப்போ என்றார்கள், பிறகு வெளிநாடு என்றார்கள்.

நான் லோரி ஓட்ட ஆரம்பித்து ரொம்ப வருஷம் கழித்து, காஜாங் பக்கம் ஒரு மலாய்க் கிராமத்துக் கம்பத்து ரோட்டில் பந்தின் பின்னால் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தது. பிரேக்கை மிதித்த மிதியில் லோரி டயரைத் தேய்த்துக்கொண்டு போய் நின்றது. குழந்தை பந்தை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டது. பின்னால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் ஸ்டியரிங்கை விடப் பார்த்தேன், கை வரவில்லை. விடு விடு என்று நானே என் கைக்குச் சொன்னேன். அது கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த கெலிண்டான், லோரிக்கு உதவி ஆள், அவன்தான் என் விரல்களைப் பிரித்து எடுத்தான். அப்பா அப்போது உயிரோடு இல்லை.

பாலத்தின் மேல் நின்று அந்த மூடிய கையைப் பிடித்து இழுத்த பையனுக்கு இது தெரியாது. தெரியாமல்தான் வேலியடியில் உட்கார்ந்து அப்படிச் சொன்னான். கேட்டவனும் அதை நம்பித்தான் எழுந்து போனான்.

அந்தக் கிராணி மகன் பேரை நான் இங்கே எழுதவில்லை, அவனுக்குப் பிடிக்குமோ என்னமோ. என் வயதுதான் இருக்கும். பிரிக்பீல்ட்ஸ் மேட்டு வீட்டில் சின்ன வயதில் இருந்தேன், மேஜர் என்று ஒரு சிலந்தி வைத்திருந்தேன் என்று சொல்லுகிற ஒருவரை உங்களில் யாராவது எங்கேயாவது பார்த்தால், லண்டனோ ஈப்போவோ எங்கே என்றாலும் சரி, ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். லயத்துப் பையனுடைய அப்பா மேஜரை வேண்டுமென்று நசுக்கவில்லை. அந்தக் கை தானாக மூடிக்கொண்டது.